ஒரு விரல் குறைந்த தாள்

அக்காவின் கையால் வெளியே போன தாள்கள் எல்லாம் மற்றத் தாள்களைவிட ஒரு விரல் அகலம் குட்டையாக இருக்கும். கோப்பில் அடுக்கி வைத்தால் பளிச்சென்று தெரியும். மற்றவர்கள் அடித்த கடிதங்கள் தலையை நீட்டிக்கொண்டு நிற்க, அக்காவுடையவை மட்டும் உள்ளே அமுங்கிக் கிடக்கும். சிக்கனம் என்று சொன்னவர்கள் உண்டு. காரணம் தெரிந்துகொண்டே, கஞ்சத்தனம் என்று நானும் கேலி செய்திருக்கிறேன். உண்மையான காரணம் ஆபிசில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அக்கா, மற்றவன் நான்.

எண்பதுகளின் கடைசியில் ஹட்டன் டவுனில், ஒரு செங்குத்தான படிக்கட்டின் முடிவில் எங்கள் ஆபிஸ் இருந்தது. பாதர் ஒருவர் நடத்திய சின்ன நிலையம். தேயிலைத் தோட்டத்து ஜனங்களின் குடும்ப விபரங்களைச் சேர்த்து வைப்பதுதான் வேலை. யார் எந்தத் தோட்டத்தில், லயம் என்கிற எந்த வீட்டு வரிசையில், எத்தனையாம் காம்பராவில் பிறந்தார்கள், தாய் தகப்பன் யார், எந்தத் தேதியில் பிறந்தார்கள், எல்லாம் எங்களிடம் இருந்தது. பிரஜாவுரிமைக்கு மனுப் போடுகிறவர்களுக்கு இந்த விபரங்களை அடித்துக் கொடுப்போம், பாதர் கையெழுத்து வைப்பார். நாடற்றவர்கள் என்று பெயர் வாங்கிய ஜனத்தில் பலருக்கு, தாங்கள் இந்த மண்ணில்தான் பிறந்தோம் என்று காட்ட அந்தத் தாளை விட்டால் வேறு தாள் கிடையாது. தோட்டங்கள் கைமாறியபோது பழைய பதிவுப் புத்தகங்கள் பல காணாமல் போயிருந்தன. மிஞ்சியவை ஈரத்தில் ஒட்டிப் பலகையாகியிருந்தன.

அக்கா எண்பத்து நாலில் லயம் லயமாக ஏறி இறங்கி அந்தப் பெயர்களை எழுதி வந்தவர். அந்த வருஷம்தான் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொண்டர் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, பெயர்களைச் சேர்த்து வைக்க ஒரு புரோகிராமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எழுதி வந்த பெயர்களை அக்காவே ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே ஏற்றினார். நான் வந்து சேர்ந்தது எண்பத்தெட்டில். பழைய கம்ப்யூட்டர் அப்போது உயிரை விட்டிருந்தது. புதியது ஒன்று வந்திருந்தது. புதியதைப் பார்த்துக்கொள்வதற்காக, கொழும்பில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்த என்னை வேலைக்கு எடுத்தார்கள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். ஆபிசில் இருந்த ஒரே ஆணியை அக்கா தன் குடைக்கு வைத்திருந்தார். மறுபேச்சில்லாமல் குடையை எடுத்து மூலையில் சாய்த்து வைத்தார்.

அக்காவுக்கு மெலிந்த உடம்பு. எந்நேரமும் ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை, பொத்தான் போன இடத்தில் ஒரு பெரிய ஊக்கு. என்னைவிட இரண்டே வயது மூத்தவர், ஆனால் நடையிலும் பேச்சிலும் பத்து வயது கூடுதலாகத் தெரியும்.

புதிய கம்ப்யூட்டர் வந்ததில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. இன்று இயங்குதளம் என்கிறார்களே, அது மாறியிருந்தது. அன்று எங்களுக்கு அது வெறும் 'சிஸ்டம்'. பழைய புரோகிராமுக்குப் புதுச் சிஸ்டத்தின் பாஷை தெரியாது. பெயர்கள் எல்லாம் பழைய புரோகிராமுக்குள்தான் இருந்தன. கடைசியில் கொழும்பில் ஒருவர் பழைய டிஸ்க்குகளைப் புதியவற்றுக்கு மாற்றி, கூடவே நடுவில் உட்காரும் சின்னப் புரோகிராம் ஒன்றையும் அனுப்பினார். அது பழையதிடம், நீ இன்னும் பழைய கம்ப்யூட்டரில்தான் இருக்கிறாய் என்று சொல்லும். புதுச் சிஸ்டத்திடம், இவன் உன் ஆள்தான் என்று சொல்லும். இதை நான் அக்காவுக்கு அரைமணி நேரம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன்.

"அப்ப நம்ம கல்யாணத் தரகர் மாதிரின்னு சொல்லுங்க தம்பி. பொண்ணு வீட்டுல ஒன்னு சொல்லுவாரு, மாப்பிள்ள வீட்டுல ஒன்னு சொல்லுவாரு. ரெண்டு வீடும் சண்டையில்லாம இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அதற்குப் பெயர் தரகர்தான். காலையில் நான் படியேறும்போதே, "தரகர் வந்துட்டாரு, நீங்கதான் லேட்டு" என்று குரல் வரும்.

தரகராலும் தீராத ஒரு வம்பு இருந்தது. பழைய புரோகிராம் திறந்தவுடன் இன்றைய தேதியைக் கேட்கும். எண்பத்தெட்டு என்று அடித்தால், வருஷம் பிழை என்று சொல்லி மூடிக்கொள்ளும். மூன்று நாள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தேன். எழுதியவர் வருஷங்களின் பட்டியலை எண்பத்தேழோடு நிறுத்தியிருந்தார். அதை மாற்றுவதற்கான மூலப் பிரதி எங்களிடம் இல்லை. அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதும் தெரியவில்லை. அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். முட்டாள் என்றேன்.

"அப்புடிச் சொல்லாதீங்க தம்பி. எண்பத்தேழுக்குள்ள நம்ம சனத்துக்கெல்லாம் பிரஜாவுரிமை கெடச்சிரும்னு நம்பியிருப்பாரு. நல்ல மனுசன்."

இதைச் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை.

நாலாம் நாள் நான் வந்தபோது புரோகிராம் திறந்து கிடந்தது. அக்கா யாருடைய பெயரையோ தேடிக்கொண்டிருந்தார். எப்படி என்று கேட்டேன். "எண்பத்து நாலுன்னு சொன்னேன். தொறந்துருச்சு" என்றார். ஏன் எண்பத்து நாலு என்று குறுக்குக் கேள்வி போட்டேன். "அது பொறந்த வருசம்ல. அதுபோக, இந்த வருசம் மாதிரி அதுலயும் பெப்ரவரி இருபத்தொம்பது இருக்கு. நாள் மாசத்த மாத்தாம அப்படியே போட்டுக்கலாம், எங்கயும் இடிக்காது." சான்றிதழ் வாங்கிய எனக்கு அது தோன்றவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மூன்று நாளும் கூடத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் அடித்து வரும் ஒவ்வொரு தாளின் உச்சியிலும் எண்பத்து நாலாம் வருஷத் தேதி வந்து நிற்கும். அக்கா கத்தரிக்கோலால் அந்த வரியை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிடுவார். பிறகு தாளைத் தட்டச்சுப் பொறியில் ஏற்றி, அடியில் சரியான தேதியை அடிப்பார். அதற்குக் கீழே பாதர் கையெழுத்து. தாள் குட்டையான ரகசியம் இவ்வளவுதான். வெட்டிய துண்டுகளை வீணாக்காமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போவார், அடுப்புப் பற்றவைக்க.

எனக்கு இது பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் நான் உண்மை பேசுவதைப் பெரிய வீரமாக நினைத்திருந்தேன். அடுத்தவர்களைப் பற்றிய உண்மைகளை.

"இது பொய்க்கா" என்றேன்.

"என்னங்க பொய்? உள்ள இருக்கிற பேரு பொய்யா, பொறந்த தேதி பொய்யா? எண்பத்து நாலுல இருந்தாத்தான் அதுக்கு வேலை ஓடும்னா, இருந்துட்டுப் போகட்டுமே. நம்ம கொஞ்சம் அனுசரிச்சுக்கிட்டாப் போச்சு. பாதருக்கு மட்டும் சொல்லிறாதீங்க, பயந்துருவாரு."

அனுசரிப்பு. அக்காவின் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தச் சொல் வரும். இழுத்தால் வராத மேசை இழுப்பறைக்கும் அதுதான், மழைக்குத் தாமதமாகும் பஸ்ஸுக்கும் அதுதான். நான் புதிதாக ஒரு புரோகிராம் எழுதி எல்லாப் பெயரையும் அதற்கு மாற்றிவிடுவேன் என்று சபதம் போட்டேன். எல்லாத் தோட்டங்களும் என்று தொடங்கினேன். பிறகு ஒரு தோட்டம் என்றானது. பிறகு ஒரு லயம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான அந்தக் கதையைப் பற்றி அக்கா ஒரு நாளும் கேட்டதில்லை.

அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தது நினைவிருக்கிறது. பெண்சாதியும் இரண்டு வயசுப் பிள்ளையும் கூட. முப்பத்தெட்டுக் குடும்பங்கள் ஒன்றாக மனுப் போடுகிறார்கள், அவர்களுக்காக விசாரிக்க வந்தவர். பேசிவிட்டுக் கிளம்பும்போது, "இதுல எங்க பேரு இருக்குங்களாம்மா?" என்று கம்ப்யூட்டரைக் காட்டிக் கேட்டார். அக்கா திரையை அவர் பக்கம் திருப்பிவைத்து விரலால் காட்டினார். "இது நீங்க. இது ஒங்க சம்சாரம். இது எண்பத்தாறுல பொறந்த சின்னவன், நான்தான் பொறவு வந்து சேத்தேன்." அந்த மனிதருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஆனாலும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிஞ்சிறாதுங்களே?"

"நான் இருக்கிற வரைக்கும் அழியாதுங்க" என்றார் அக்கா.

அக்காவின் வீடு ரயில் பாதைக்குக் கீழே ஒரு வாடகைக் காம்பரா. தாயும் மகளுமாக இரண்டே பேர். அம்மா நாற்பது வருஷம் றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். வயசாகி நின்று, டவுனுக்கு வந்து ஆறு வருஷம். வந்த கொஞ்ச நாளில் நினைவு தப்பிவிட்டது. தான் இன்னும் லயத்தில்தான் இருக்கிறோம் என்ற எண்ணம். அக்கா டவுனில் எத்தனையோ காம்பரா பார்த்து, இதைத்தான் பிடித்தார். வாசலுக்கு இடது கைப் பக்கம் தரையில் அடுப்பு இருந்தது இங்கே மட்டும்தான். லயத்திலும் அடுப்பு அந்தப் பக்கம்தான். படுக்கை, தண்ணீர்க் குடம், சாமி படம், எல்லாவற்றையும் லயத்தில் இருந்த இடத்திலேயே வைத்தார். இருட்டில் எழுந்தாலும் அம்மா எதிலும் இடித்துக்கொள்ள மாட்டார். "இந்த வேலை இருக்கிற வரைக்கும் இந்தக் காம்பரா. இந்தக் காம்பரா இருக்கிற வரைக்கும் எங்கம்மாவுக்குக் கொறையில்ல" என்று ஒருமுறை சொன்னார்.

காலையில் அம்மா எழுந்ததும் கொழுந்து பறிக்கப் போகிறவர் மாதிரி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கூடையைத் தேடுவாராம், பெரட்டுக் களத்துக்குப் போய் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டுமே என்று. அக்கா தினமும், தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கையாவின் பெயரில், ஒரே பதிலைச் சொல்வார். "இன்னிக்கி பெரட்டு இல்லைம்மா. மழைன்னு கண்டாக்கையா சொல்லிட்டாராம்." அம்மா நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். மாசி மாதத்து வெயிலில் மலையே காய்ந்து கிடக்கும்போது, "வெயிலடிக்குதே?" என்று சந்தேகம் வருமாம். "மலைக்கு அந்தப் பக்கம் மழைம்மா." அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. இதை அக்கா எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற தாயிடமே தரகர் வேலையா என்று நினைத்தேன்.

என்னை அக்கா முதலில் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். அது மாறியது என் அப்பா வந்த நாளில்.

அப்பாவுக்கு, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலை. லயத்தில் எல்லாரிடமும், தன் மகன் ஹட்டனில் கம்ப்யூட்டருக்குப் பெரிய ஆள் என்று சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பை நிறைய மரக்கறி, கோவாவும் லீக்ஸுமாகக் கட்டிக்கொண்டு படியேறி வந்து நின்றார். செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் பாதருடைய மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஈரத்துணி. துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அக்கா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து ஒரு கடிதக் கோப்பை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"சார், இத கொஞ்சம் பாத்துச் சரின்னு சொன்னீங்கன்னா அனுப்பிருவேன்."

நான் பார்த்தேன். சரி என்றேன். அது பழைய தொலைபேசி பில். அப்பா அன்று தரையில் கால் படாமல் திரும்பிப் போனார். போகும்போது லீக்ஸில் பாதியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா போன பிறகும் அக்கா 'சார்' என்பதை விடவில்லை. நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போதும் சார்தான். எதற்கு என்று கேட்டேன். "உங்கப்பா இந்நேரம் லயம் பூராவும் சொல்லியிருப்பாரு. அது உண்மையா இருந்துட்டுப் போகட்டுமே சார்" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்னைப் பற்றிய பொய் என்றால் எனக்கு அவ்வளவு கசக்காது போல.

ஓகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை, டிஸ்க் பெட்டியின் சாவியை வாங்க அக்காவின் வீட்டுக்குப் போனேன். அக்கா அரிசி வாங்கக் கூப்பன் கடைக்குப் போயிருந்தார். அம்மா மட்டும் வாசலில், இடுப்பில் படங்கு. நல்ல வெயில்.

"கண்டாக்கையாங்களா?" என்று எழுந்து நின்றார். "இன்னிக்கும் பெரட்டு இல்லைங்களா? மழைன்னு புள்ள சொல்லுது. வெயிலடிக்குதே?"

ஆமாம்மா, மழை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இரண்டே வார்த்தை. என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"மழையெல்லாம் இல்லைம்மா. நீங்க தோட்டத்த விட்டு வந்து ஆறு வருசமாச்சு. இது ஹட்டன் டவுன்" என்றேன்.

அம்மா இடுப்புப் படங்கைக் கையால் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்ப என் பேர வெட்டிட்டாங்களா?"

வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டுவதென்றால் தோட்டத்தில் அது சாவுக்கு அடுத்தபடி. எனக்கு அது தெரியும். நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஆனாலும், "வயசானா வெட்டத்தானம்மா செய்வாங்க" என்றேன். பெரிய நியாயவாதி மாதிரி சொல்லிவிட்டு, சாவி இல்லாமல் திரும்பி வந்தேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில், அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, அம்மா ரயில் பாதையைப் பிடித்து நடந்துவிட்டார். தூறலில் நனைந்தபடியே றொசல்ல வரை போய், தன் பழைய லயத்தைக் கண்டுபிடித்து, தன் காம்பரா வாசலில் போய் நின்றிருக்கிறார். உள்ளே வேறொரு பெண் றொட்டி சுட்டுக்கொண்டிருந்தாளாம். "என் பேர மறுபடி எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டு மழையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அந்தப் பெண் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்து, தன் கம்பளியைப் போர்த்தி, மத்தியான ரயிலில் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். அன்றே நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். அக்கா வெள்ளிக்கிழமை வரை லீவு சொல்லி அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அக்கரப்பத்தனை முப்பத்தெட்டுக் குடும்பங்களின் தாள்களையும் நுவரெலியாவில் பிரஜாவுரிமைக்கான அரசாங்கக் கந்தோரில் கொடுக்க வேண்டும். வியாழன் பின்னேரம் நான் உட்கார்ந்தேன். தரகரை ஏற்றினேன், எண்பத்து நாலு என்று சொன்னேன், திறந்தது. முப்பத்தெட்டையும் அடித்து முடித்தேன். அக்காவின் மேசையில் கத்தரிக்கோல் கிடந்தது. அதைப் பார்த்தேன். நான் என்ன தையற்காரனா என்று ஒரு நினைப்பு. அக்கா நாளைக்குக் காலையில் ஒரு எட்டு வந்து வெட்டி, தேதி அடித்துக் கொடுத்துவிடுவார் என்று நானாகவே முடிவு பண்ணினேன். லீவில் இருக்கிறவர் எதற்கு வருவார்? யாரும் அவரிடம் சொல்லவில்லை. தாள்கட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி காலை நான் போனபோது மேசை காலியாக இருந்தது. பாதர் முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், தாள்கட்டை எடுத்து வரிசையாகக் கையெழுத்து வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய்விட்டார். அக்கா அடித்துத் தரும் தாளை அவர் என்றைக்கும் வாசித்துப் பார்த்ததில்லை. கந்தோருக்குத் தொலைபேசி எடுத்திருக்கலாம். பாதர் போய்ச் சேர மூன்று மணி நேரமாவது ஆகும். எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். உச்சி வரியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கந்தோரில் இருந்த அதிகாரி முதல் தாளிலேயே பிடித்துவிட்டார். எண்பத்து நாலில் கொடுக்கப்பட்ட தாளில் எண்பத்தாறில் பிறந்த பிள்ளையின் பெயர். "பிள்ளை பிறக்க இரண்டு வருஷம் முன்னாலேயே பெயரும் தேதியும் தெரிந்திருக்கிறதே, உங்கள் ஆபிசில் தீர்க்கதரிசிகள் வேலை செய்கிறார்களா பாதர்?" என்று சிங்களத்தில் கேட்டாராம். முப்பத்தெட்டையும் போலி என்று ஒதுக்கி வைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்திருந்தார். கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "எங்க வீட்டுக்குக் கண்டாக்கையா வந்துட்டுப் போனாராம் சார். அம்மா சொன்னாங்க" என்றார். நான் மேசையைப் பார்த்தேன். அப்போதுதான் பாதர் உள்ளே வந்தார். தாள்களை மேசையில் போட்டார்.

"இத அடிச்சது யாரு?"

உண்மை, உண்மை என்று ஊரெல்லாம் பாடம் எடுத்தவனுக்கு 'நான்' என்ற ஒரு சொல் வரவில்லை. அக்கா தாள்களைப் பார்த்தார். நீளத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்கும்.

"நான்தான் பாதர்."

"நீங்க லீவுல இருந்தீங்களே?"

"முன்னாடியே அடிச்சு வச்சிட்டேன் பாதர். தேதிய வெட்ட மறந்துட்டேன்." பிறகு, எண்பத்து நாலு என்று சொல்லித் திறக்கிற கதையையும், மேல் வரியை வெட்டுகிற கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அது பூராவும் உண்மை. அதனால் முதல் பொய்யும் உண்மையாகிவிட்டது.

பாதர் கெட்டவர் இல்லை. ஆனால் நிலையத்தின் பெயர் கெட்டிருந்தது. இந்தத் தாளைச் செய்தவர் இனி இங்கே இருக்கக் கூடாது, இருந்தால் எங்கள் தாள் எதையும் தொட மாட்டோம் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியோடு அக்காவை நிறுத்தினார்கள். முப்பத்தெட்டுத் தாளையும் நான் திரும்ப அடித்தேன். கத்தரிக்கோல் பிடித்து வெட்டினேன், தேதி அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி வாங்கி இணைத்தோம். எல்லாம் சரியாக ஏழு மாதம் பிடித்தது. அதற்குள் அந்தக் குடும்பங்களில் இரண்டு வயசாளிகள் நாடற்றவர்களாகவே செத்துப் போனார்கள்.

அக்கா காம்பராவைக் காலி செய்கிற நாளில் போனேன். கொழும்பில் இருக்கும் அக்காவின் கூடப்பிறந்த தம்பி வீட்டு மேல்மாடிக்குப் போகிறார்களாம்.

"அங்க அடுப்பு எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"கேஸ் அடுப்பு சார். நின்னுக்கிட்டுச் சமைக்கணும்."

அம்மா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, படங்கை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். நான் பாதரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். தைரியமாகத்தான் தொடங்கினேன். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"இப்ப சொல்லி என்னாகப் போகுது? ரெண்டு பேருக்கும் வேலை போகும். அப்புறம் அந்த மெசினுக்கு எண்பத்து நாலுன்னு சொல்ல யாரு இருக்கா?" என்றார். பிறகு, "உங்கப்பா அடுத்த வாரம் வர்றாருன்னு சொன்னீங்கள்ல சார்" என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று வாயைத் திறக்காததைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ள முடிகிறது. அந்த நிம்மதியைத்தான் பொறுக்க முடியவில்லை. பிறகு பாதர் மாற்றலாகிப் போனார், சில வருஷத்தில் காலமானார். சொல்ல வேண்டிய ஆள் இல்லாமல் போனது எனக்கு இன்னொரு வசதி.

கொழும்பிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. "இங்கு மழை என்று சொன்னால் அம்மா நம்பவில்லை. வந்த மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தரகரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்." அவ்வளவுதான். விலாசம் எழுதவில்லை. தரகரை நான் மேலும் இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டேன். எண்பத்து நாலு என்று தினமும் சொன்னேன். தாளைத் தினமும் வெட்டினேன். துண்டுகளைக் குப்பையில் போட மனம் வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தேன்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அக்கா போன அடுத்த வாரம் அப்பா வந்தார். இந்த முறை செருப்பை வாசலுக்கு உள்ளே கழற்றினார். மகன் ஆபிஸ் என்ற உரிமை. ஆபிசைச் சுற்றிப் பார்த்தார். அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் ஜன்னல் வெயில் விழுந்து கிடந்தது.

"அந்தப் புள்ளைய எங்கடா காணோம்? உன்னய சார் சார்னு கூப்புடுமே?"

"இன்னிக்கி வரலப்பா" என்றேன். "மழைல்ல."

அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"வெயிலடிக்குதே?"

"அவங்க பக்கம் மழைப்பா."

அப்பா நம்பிவிட்டார். பையைத் திறந்து, அக்காவுக்கென்று தனியாகக் கட்டி எடுத்து வந்திருந்த லீக்ஸை அந்த மேசையில் வைத்து, நாளைக்கு வந்ததும் மறக்காமல் கொடுக்கச் சொன்னார்.